21 நாளில் திக்கல் போய்விடுமா?

கேள்வி – 11 செப்டம்பர் 2023

எனக்கு 21 வயது. திருமங்கலம் பக்கம். இன்ஜினியரிங் கடைசி வருஷம். அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூ. சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்கும். மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவேன், என் பேர் மட்டும் வரவே வராது. 21 நாளில் முழுசாகச் சரிசெய்து தருவதாக ஒரு மையம் சொல்கிறது. 30,000 ரூபாய். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். போகலாமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 செப்டம்பர், இரவு

பணத்தைக் கட்டாதே தம்பி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

நான் போய் வந்தவன். 2009-இல், வேறொரு ஊரில், 18,000 ரூபாய் கட்டினேன். அப்போது என் சம்பளம் மாதம் 6,500. மூன்று வாரம் அங்கேயே தங்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ரப்பர் மாதிரி இழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாம் நாளே திக்கல் குறைந்தது. இருபதாம் நாள் ஒரு சொல்கூட மாட்டவில்லை. கடைசி நாள் கேமரா முன்னால் உட்காரவைத்தார்கள். பேர், ஊர், வேலை எல்லாம் சொல்லி, "இங்கே வந்து புது மனுஷன் ஆகிவிட்டேன்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்து "எங்க?" என்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அந்த வீடியோவைத்தான் அடுத்து வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒருவரைப் பிற்பாடு சந்தித்தேன். என் பணம் போனது மறந்துவிட்டது. இது மட்டும் இன்னும் ஆறவில்லை.

பேச்சுப் பயிற்சி என்று யார் கூப்பிட்டாலும் போகாதே. எல்லாம் இதே கதைதான்.

12 செப்டம்பர்

பேர் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறாய். மற்ற சொல்லுக்கெல்லாம் மாற்றுச் சொல் இருக்கிறது, பேருக்கு இல்லை. அதனால்தான்.

திக்குகிறவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு சொல் தள்ளி வரப்போகிற ஆபத்தைப் பார்த்துவிடுவான். "தண்ணி" மாட்டும் என்று தெரிந்தால் "வாட்டர்" என்பான். எனக்கு தகரமும் ககரமும் சிக்கும். ஹோட்டலில் தோசை வராது என்பதால் காலேஜ் படித்த மூன்று வருஷமும் இட்லியே சாப்பிட்டேன். பேரை மட்டும் மாற்ற முடியாது. அதோடு, வேறு எதற்குத் தயங்கினாலும் யோசிக்கிறான் என்று நினைப்பார்கள். சொந்தப் பேருக்குத் தயங்கினால் பார்க்கிற பார்வையே வேறு.

என் பேர் "கா"வில் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வராமல் கையைத் தூக்குவேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஒரு வாத்தியார் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் காலை வழிபாட்டில் எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது ஒரு எழுத்து சிக்காது. பாடினாலோ மற்றவர்களோடு சேர்ந்து படித்தாலோ திக்குகிறவர்கள் பெரும்பாலோருக்குத் திக்குவதில்லை. அது தெரியாத வாத்தியார்கள் "பாட்டு மட்டும் வருது, பாடம் ஒப்பிக்க வராதா" என்பார்கள்.

காலேஜ் காலத்தில் தல்லாகுளத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் "தல்லாகுளம்" என்று டிக்கெட் கேட்க வேண்டும். முந்தின நிறுத்தம் சொல்லி இறங்கி நடக்கலாமென்றால் அது கோரிப்பாளையம். அதுவும் வராது. மாட்டுத்தாவணி வரும், மகரம் எனக்குச் சிக்காது. அதனால் மாட்டுத்தாவணிக்கு டிக்கெட் வாங்கித் தல்லாகுளத்தில் இறங்குவேன். கூடுதல் காசு கொடுத்தது பெரிதில்லை. தினமும் பஸ் ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் வயிறு பிசையும் பார், அது.

ஜோசப் ஷீஹன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் இருந்தார். அவரும் திக்குகிறவர். திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார் அவர். மேலே கேட்கிற திக்கல் கொஞ்சம்தான். வெட்கமும் பயமும் குற்ற உணர்வும் தண்ணீருக்கடியில் கிடக்கும். எனக்கு 18,000 ரூபாய்க்குச் செதுக்கிக்கொடுத்தது மேலே தெரிந்ததை மட்டும். அடியில் இருந்த பாறை அப்படியே மேலேறி வந்துவிட்டது.

14 செப்டம்பர்

முதல் நாள் கடைசியில் எழுதிய ரெண்டு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பேச்சு மொழிச் சிகிச்சை படித்த ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான்.

அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முறையாகப் படித்தவர்கள் இத்தனை நாளில் போய்விடும் என்று சொல்லவே மாட்டார்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்டால் கொடுப்பார்கள், கேட்கக் கூச்சப்படாதே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. திக்கலுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை. அப்படி ஒன்றை யாராவது விற்றால் எழுந்து வந்துவிடு.

யார் கூப்பிட்டாலும் போகாதே என்று நான் எழுதியது குழந்தைகள் விஷயத்தில் ரொம்பத் தப்பு. திக்கல் பெரும்பாலும் ரெண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில்தான் ஆரம்பிக்கும். நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும், அதில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டியும் நீடித்தால் உடனே காட்ட வேண்டும். சின்ன வயதில் பயிற்சி நன்றாகவே பலன் தரும். என் பேச்சைக் கேட்டு யாரும் குழந்தையைக் கூட்டிப்போகாமல் இருந்துவிட வேண்டாம்.

16 செப்டம்பர்

மதுரையில் திக்குகிறவர்கள் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிறோம். அந்தச் சந்திப்பில் என்ன செய்வீர்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன். ஜவுளிக் கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே பிடித்த வேலை. 2014 தீபாவளி நெருக்கடியில் பில் போட ஆள் பற்றாமல் என்னைக் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். ஒருவர் வந்தார். போன் நம்பர் கேட்டேன், கேட்கும்போதே திக்கினேன். அவர் நம்பர் சொன்னார், அவரும் திக்கினார். என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். திக்குகிறவர்கள் ரெண்டு பேர் முதல்முதலாகப் பேசிக்கொள்ளும்போது இது அடிக்கடி நடக்கும். ஏழெட்டு சொல் போனபிறகுதான் ரெண்டு பேருக்கும் விளங்கியது. பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: "ஞாயிறு காலை 7, காந்தி மியூசியம், வேப்பமரம்."

அப்போது எனக்கு வயது 34. அந்த மையத்தில் இருந்த மூன்று வாரத்தைத் தவிர, அதுவரைக்கும் திக்குகிற இன்னொரு மனிதரோடு நான் பேசியதே இல்லை. நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லுகிற கணக்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அப்படியானால் ஏழு லட்சம் பேர். அத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள்? என்னை மாதிரியே பேசாமல் இருக்கிறார்கள்.

முதல் ஞாயிறு நாலு பேர் இருந்தார்கள். துண்டு விரித்துத் தரையில் உட்கார்ந்தோம். விதி ரெண்டே ரெண்டு. அடுத்தவர் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவர் திக்கும்போது பார்வையைத் திருப்பக் கூடாது. ஒவ்வொருவராகப் பேர் சொல்ல வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணன். பேர் தகரத்தில் தொடங்கும். "என் பேரு" என்று ஆரம்பித்தார், நின்றுவிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நாக்கு நுனி மேல் பல்லில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வலது கை விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். யாரும் அசையவில்லை. நாற்பது விநாடி இருக்கும். பேர் வந்தது. கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "பைபாஸ்ல கடை" என்று அடுத்த வார்த்தைக்குப் போனார்.

நான் பாட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திக்கல் வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அது பார்க்கச் சகிக்காத ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஒரு மனுஷர் பேர் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

என் முறை வந்தது. ஐந்து தடவை முட்டி ஆறாவதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து மத்தியானம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

பெண்களுக்கு இது வருவது அபூர்வம், அதனால் எங்கள் சந்திப்பில் ஆண்கள்தான்.

17 செப்டம்பர்

நேற்று எழுதியதை இன்று காலை மரத்தடியில் எல்லோரும் படித்தாயிற்று. ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன் சொன்னார்: "நா-நாற்பது செகண்டா? ரெண்டு நிமிஷம்டா. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." எல்லோரும் சிரித்தோம், அவர்தான் அதிகம் சிரித்தார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "நீ அன்னைக்கு என்னைப் பார்க்கல. தரையைப் பார்த்துட்டு இருந்த." யோசித்துப் பார்த்தேன். கண், நாக்கு, விரல் எல்லாம் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறேனே, அது அடுத்தடுத்த வாரங்களில் பார்த்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் அவர் சொல்வதுதான் நிஜம். திக்குகிறவனே திக்குகிறவனைப் பார்க்கக் கொஞ்ச நாள் ஆகிறது.

20 செப்டம்பர்

தம்பியின் அம்மா எழுதியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் பயந்ததாலா, நாலு வயதில் அடித்ததாலா, இடதுகைப் பழக்கத்தை மாற்றியதாலா என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா, இதற்கு மட்டும் நீளமாக எழுத வேண்டும்.

உங்களால் வரவில்லை. திக்கல் குடும்பத்தில் ஓடுவது பல காலமாகத் தெரிந்த விஷயம். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பல பேருக்குத் திக்கல் உள்ள பாகிஸ்தான் குடும்பங்களை வைத்து ஆராய்ந்து, ஜி.என்.பி.டி.ஏ.பி. என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இது ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் பொருந்தும் காரணம்தான். ஆனால் பேச்சை நேரம் பிசகாமல் இயக்குகிற மூளைப் பாதைகளில் திக்குகிறவர்களுக்கு வித்தியாசம் இருக்கிறது என்பதில் இன்றைக்குச் சந்தேகம் இல்லை. நாக்குத் தடிப்பு, உள்நாக்கு வளர்ச்சி எதுவும் காரணம் இல்லை. 1841-இல் ஜெர்மனியில் டீஃபன்பாக் என்ற பெரிய அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வராத காலம். அதற்குப் பக்கத்தில் நம் வீட்டு வசம்பும் தேனும் எவ்வளவோ மேல்.

பெற்றோரைக் குற்றம் சொல்லுவதும் பெரிய படிப்பாளிகளிடமிருந்து வந்ததுதான். அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன், அவரும் திக்குகிறவர், சாதாரணத் தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையாகப் பார்ப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்றார். 1939-இல் அவருடைய மேற்பார்வையில் அனாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம் "உனக்குத் திக்குகிறது, ஜாக்கிரதையாகப் பேசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகள் பேச்சையே குறைத்துக்கொண்டு ஒடுங்கிப்போனார்கள். 2001-இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கொள்கையை இன்று யாரும் ஏற்பதில்லை. அந்தப் பிள்ளைகள் வாய் மூடிப்போனதைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். "மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு, யோசிச்சுப் பேசு" என்று நாமும் நல்லெண்ணத்தில் சொல்லுகிறோமே, அது பிள்ளை காதில் "நீ பேசுவது சரியில்லை" என்றுதான் விழும். அதை நிறுத்திவிட்டுச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அது போதும்.

என் அம்மா ஆறு வருஷம் என்னைத் திருச்செந்தூர் கூட்டிப்போனாள். ஐந்து வயது வரை பேசாத குமரகுருபரருக்கு அந்தச் சந்நிதியில் பேச்சு வந்தது என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் கதை சொல்லுவாள். எனக்கு வரவில்லை. ஆனால் அந்த நாலு மணி நேரப் பயணத்தில் நான் திக்கித் திக்கி எவ்வளவு பேசினாலும் அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டு வருவாள். அந்தப் பயணத்தைத் தவிர வேறு எங்கேயும் நான் அவ்வளவு பேசியதில்லை. அவளிடம் இதைச் சொன்னதில்லை. 2016-இல் போய்விட்டாள்.

24 செப்டம்பர்

தம்பி இன்று வந்தான்! முதல் பஸ்ஸில் கிளம்பி ஆறரைக்கே வந்து கேட் பக்கம் நின்றிருக்கிறான். உள்ளே வர அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பேர் சொல்லவில்லை, கட்டாயமும் இல்லை. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பது எங்கள் வழக்கம். அதில் கலந்துகொண்டான். ஒரு சொல் சிக்கவில்லை. படித்து முடித்ததும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் டீக்கடை. வேண்டுமென்றே திக்குவது ஒரு பயிற்சி. சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர், அவரும் திக்குகிறவர், இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பயந்து ஓடுகிறதை நீயே கூப்பிட்டு எதிரில் நிறுத்துவது. தம்பி "டீ"யில் வேண்டுமென்றே ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதைச் செய்துவிட்டான். "சர்க்கரை" என்று போனபோது நிஜமாகவே அடைத்துக்கொண்டது. மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே அவனைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர், நல்ல மனுஷர்தான், "சக்கரை தூக்கலாவா தம்பி?" என்று எடுத்துக்கொடுத்தார். அந்த நொடியில் தலையாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நாங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை ஆட்டிய தலை அது. தம்பி ஆட்டவில்லை. முகம் சிவந்து, கை கிளாஸ் தட்டின் விளிம்பைப் பிடித்திருக்க, "சர்க்கரை இ-இ-இல்லாம" என்று முடித்தான்.

அவனுக்கு டீயில் சர்க்கரையே பிடிக்காதாம். காலேஜ் கேன்டீனில் மூன்று வருஷமாகச் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறான்.

29 செப்டம்பர்

16-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரி தப்பு. ஒரு வாசகி திருத்தியிருக்கிறார், திருத்தியதோடு விடவில்லை.

வளர்ந்தவர்களில் திக்குகிற ஆண்கள் நாலு பேருக்குப் பெண் ஒருவர் என்பது பொதுவான கணக்கு. குழந்தைப் பருவத்தில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. பெண் குழந்தைகளில் அதிகம் பேருக்குச் சரியாகிவிடுகிறது. ஆக ஏழு லட்சத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பெண்கள் இருப்பார்கள். எங்கள் மரத்தடிக்கு ஒன்பது வருஷத்தில் வந்த பெண்கள் மூன்றே பேர். காரணத்தை அவர் எழுதியிருக்கிறார்: பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். திறக்கவில்லை. அடக்கமான பெண் என்று எல்லோரும் பாராட்டினார்களாம். அந்தப் பாராட்டைக் காப்பாற்றப் பதினொரு வருஷமாக மாமியார் வீட்டில் ரெண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்தச் சாக்குச் சொல்லி அவர் மியூசியத்துக்கு வருவார்?

இதை நான் யோசித்ததே இல்லை. பெண்கள் வரவில்லை, அதனால் பெண்களுக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். எங்களைக் கண்ணில் படாதவர்கள் என்று உலகம் கணக்கில் சேர்க்காமல் விட்டதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு.

புதன் இரவு 9 மணிக்கு வீடியோ அழைப்பில் ஒரு சந்திப்பு வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பெண்களே நடத்துவதாக இருந்தால் நாங்கள் யாரும் தலையிட மாட்டோம். இந்தியத் திக்குவோர் சங்கம், டீசா என்பார்கள், டேராடூனில் 2008-இல் தொடங்கியது. அவர்களும் பல ஊர்களில் சுயஉதவிக் குழுக்கள் நடத்துகிறார்கள், இணைய வழியிலும் கூடுகிறார்கள். அதையும் பாருங்கள்.

3 அக்டோபர்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: 2016 சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடு இருக்கிறது. ஆனால் குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழப்பு போன்றவற்றால் வருகிற நிரந்தரக் குறைபாடு என்று அதை வரையறுத்திருக்கிறார்கள். திக்கலை வைத்துச் சான்றிதழ் வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று சொல்லிவிடு என்று தம்பிக்குச் சொல்லியிருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். "எதுக்கு முதல்லயே சொல்லணும்? அனுமதி கேக்கிற மாதிரி." எனக்குச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அவருக்குச் சொன்னால் கௌரவம் போகிறது. ரெண்டும் உண்மையாக இருக்கிறது. தம்பி, உனக்கு எது லேசோ அதைச் செய்.

7 அக்டோபர்

ராத்திரி ஒரு மணி. தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொல் மாற்றியும், சுருக்கமாகப் பேசியும் ஓட்டினேன். எனக்கு வருவது சத்தமில்லாத அடைப்பு, அதனால் வெளியே தெரியாது. கேள்வி கேட்பாள், பதில் தொண்டையில் நிற்கும், நான் எழுந்து போய்விடுவேன். ஆறு மாதம் கழித்து அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள், இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, எப்போதும் கோபமாகவே இருக்கிறார் என்று. மறைப்பதால் எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன். பாரத்தில் பாதியை என்னவென்றே சொல்லாமல் அவள் தலையில் வைத்திருக்கிறேன்.

சொன்ன அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப கோபம் இல்லையா?"

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம் பள்ளியில் டீச்சர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் மாட்டிக்கொண்டேன். டீச்சர் அவளைப் பார்த்து "நீ சொல்லும்மா" என்றார். "அப்பா சொல்லுவாங்க மிஸ், கொஞ்சம் நேரம் ஆகும்" என்றாள்.

14 அக்டோபர்

முதல் கம்பெனி: குழு விவாதத்தோடு வெளியே. பத்துப் பேர் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசுகிற இடம். தம்பி வாயைத் திறப்பதற்குள் அடுத்தவன் ஆரம்பித்துவிட்டான். இதற்கு எங்கள் யாரிடமும் வழி இல்லை. விவாதம் வேலைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் வைக்கிறார்கள், அது அநியாயம்.

ரெண்டாவது கம்பெனி: நேரே இன்டர்வியூ. முதலிலேயே சொல்லவில்லை. பேர் கேட்டார்கள், அடைத்தது. அப்போது சொன்னானாம்: "எனக்குத் திக்கும் சார். பேர் தெ-தெரியும்." ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் சிரித்துவிட்டுக் காத்திருந்தார். பேர் வந்தது. ப்ராஜெக்ட்டைப் பற்றி ஆறு ஏழு நிமிஷம் பேசியிருக்கிறான், முழுக்கத் திக்கிக்கொண்டே. எந்தச் சொல்லையும் மாற்றவில்லை என்று ரெண்டு தடவை சொன்னான்.

அப்பா கடன் வாங்கவில்லை.

20 அக்டோபர்

மெயில் இன்னும் வரவில்லையாம். பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

புதன் அழைப்பு முதல் தடவை நடந்துவிட்டது. ஐந்து பெண்கள். ஒருவர் மாடியில் துணி எடுக்கப் போகிற சாக்கில் பேசினாராம். மேற்கொண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள், 1998 முதல் நடக்கிறது. இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையே வருகிறது. மறுநாள் ஆயுத பூஜை என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன் கடை கழுவ சீக்கிரம் போக வேண்டும், அதனால் ஆறரைக்கே தொடங்குகிறோம். மழை வந்தால் டீக்கடைத் தாழ்வாரம். தம்பியின் அம்மா, நானும் வந்து உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வாருங்கள் அக்கா, விதி ரெண்டும் உங்களுக்கும் உண்டு. டீ சொல்லும் பொறுப்பு தம்பிக்கு. பதினோரு டீ, அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல்.